மூச்சு எட்டாத உயரம்

1916 செப்டம்பர் 2. இரவு பதினோரு மணி தாண்டிச் சில நிமிடங்கள். லண்டனுக்குக் கிழக்கே சட்டன்ஸ் ஃபார்ம் என்ற புல்தரைத் தளத்திலிருந்து வில்லியம் லீஃப் ராபின்சன் கிளம்பினார். வயது 21. குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் பிறந்து, பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் படித்த ஆங்கிலேயப் பையன். ஹைட்ரஜன் நிரப்பிய ராட்சத ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் கடலைத் தாண்டி வருகின்றன என்று தகவல் வந்திருந்தது. அவற்றைத் தேடித்தான் போனார். பிறகு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு விவரம் கண்ணில் படும்: பத்தாயிரம் அடி ஏற 53 நிமிடம் ஆனது.

இன்றைக்கு ஒரு பயணிகள் விமானம் சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் கடந்துவிடும் உயரம் அது. ராபின்சன் ஓட்டிய பி.இ.2சி விமானத்துக்கு அதுவே கிட்டத்தட்ட முடிவான எல்லை. அதற்கு மேல் ஓராயிரம், ஈராயிரம் அடி ஏறுவதற்கு விமானத்தைக் கெஞ்ச வேண்டும். எஸ்.எல்.11 என்ற ஆகாயக் கப்பலும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் வந்தது. மூன்று மணி நேரம் இருட்டில் அலைந்து அதைக் கண்டுபிடித்து, தீப்பற்றும் தோட்டாக்களால் மூன்று முறை சுட்டு எரித்தார். கப்பலில் இருந்த பதினாறு பேரும் இறந்தார்கள். சில நாட்களில் ராபின்சனுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அந்த எரிந்த கப்பலிலிருந்து ஜெர்மானியர்கள் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: இன்னும் மேலே போ. அடுத்த இரண்டு ஆண்டுகளில் போரிட்ட எல்லாத் தரப்பும் அந்தப் பந்தயத்தில் இறங்கின. பந்தயத்தில் வென்றது இயந்திரம். அதை ஓட்டிய மனித உடம்பு பாதி வழியிலேயே தங்கிவிட்டது.

ராணுவ விமானங்களின் தொடக்க நாட்களில் உயரம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை, உயரம் என்று ஒன்று இருந்தால்தானே! 1908 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஆர்வில் ரைட் தன் விமானத்தை ஓட்டிக் காட்டினார். அப்போது தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற லெஃப்டினன்ட் கூட உட்கார்ந்திருந்தார். சுழல்விசிறியின் ஓர் அலகு உடைந்தது, விமானம் விழுந்தது, செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விழுந்த உயரம் சுமார் நூறு அடிதான். எஞ்சின் விமானத்தில் செத்த முதல் மனிதர் அவர்.

1911இல் லிபியாவில் இத்தாலிக்கும் துருக்கிக்கும் நடந்த போரில்தான் விமானம் முதன்முதலாகப் போருக்குப் போனது. நவம்பர் 1ஆம் தேதி ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய அதிகாரி ஒரு தோல் பையில் கையெறி குண்டுகளை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெடிப்பானைப் பொருத்தி, துருக்கியர் முகாமின் மீது போட்டார். அப்போது அவர் பறந்த உயரம் அறுநூறு அடி அளவில். பெரிய ஆலயக் கோபுரங்களை மூன்று அடுக்கினால் எட்டிவிடும் உயரம். கீழே துப்பாக்கி வைத்திருக்கும் யாரும் குறி பார்க்கலாம்.

1914 ஆகஸ்டில் மகாயுத்தம் வெடித்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உளவு பார்க்கப் போன விமானங்கள் மூவாயிரம், நாலாயிரம் அடியில் மெல்ல நகர்ந்தன. ஆகஸ்ட் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் மேல் பறந்த ஒரு பிரிட்டிஷ் ஆவ்ரோ 504 விமானத்தைத் தரையிலிருந்த ஜெர்மன் சிப்பாய்கள் சுட்டே வீழ்த்தினார்கள். எதிரி மட்டும் சுட்டால் பரவாயில்லை. தலைக்கு மேல் எது பறந்தாலும் சுடுவது எல்லாச் சிப்பாய்களுக்கும் வழக்கமாகிவிட்டதால், சொந்தப் படையே சொந்த விமானத்தைச் சுட்டது. இறக்கையில் நாட்டு அடையாளமாக வட்டமும் சிலுவையும் பெரிதாகத் தீட்டப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆக, விமானிக்கு முதலில் உயரம் என்பது கேடயம். துப்பாக்கிக்கு எட்டாத தூரம். அப்புறம் பீரங்கி வந்தது. பீரங்கிக் குண்டுக்கு மேலே வந்து சேரப் பத்து விநாடிக்குக் குறையாமல் ஆகும். அதற்குள் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் முந்நூற்றைம்பது மீட்டர் நகர்ந்துவிடும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. எஞ்சின் நின்றுபோனாலும் உயரம் கைகொடுக்கும்: ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு மைல் சறுக்கிக்கொண்டு போய்த் தன் பக்கத்து வயலில் இறங்கலாம். சண்டை விமானங்கள் வந்த பிறகு உயரம் ஆயுதமாகவும் ஆனது. ஜெர்மன் விமானி ஆஸ்வால்ட் போல்கெ 1916இல் தன் படைக்கு வகுத்துக் கொடுத்த விதிகளில் முதலாவது, தாக்கும் முன் சாதகமான நிலையைப் பிடித்துக்கொள் என்பதுதான். முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்றும் சேர்த்துச் சொன்னார். மேலே இருப்பவன் எப்போது பாய்வது என்று முடிவு செய்கிறான். கீழே இருப்பவன் காத்திருக்கிறான்.

சரி, அப்படியானால் ஏன் எல்லோரும் மேலேயே போய்விடவில்லை? காற்று விடவில்லை.

பதினெட்டாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. எஞ்சின் என்பது பெட்ரோலோடு காற்றையும் தின்னும் பிராணி. பாதிக் காற்று கிடைத்தால் பாதி வலுதான் தரும். கார்புரேட்டர் மட்டும் அதே அளவு பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் கலவை அடர்ந்து எஞ்சின் திணறும். விமானி ஒரு நெம்பை அடிக்கடி நகர்த்திக் கலவையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இறக்கைக்கும் இதே கதைதான். மெல்லிய காற்றில் அதே எடையைத் தாங்க இன்னும் வேகமாகப் போக வேண்டும். எஞ்சினோ இன்னும் மெதுவாகத்தான் இழுக்கிறது. ஒரு கட்டத்தில் விழாமல் இருக்கத் தேவையான வேகமும் எஞ்சினால் தர முடிந்த வேகமும் ஒன்றாகிவிடும். அதுதான் உச்சவரம்பு. அங்கே விமானம் மூக்கைத் தூக்கியபடி, ஊசலாடிக்கொண்டு தொங்கும். திரும்பினால் உயரம் போய்விடும். நிமிடத்துக்கு நூறு அடிகூட ஏற முடியாத இடத்தை எட்டிவிட்டால் வேலைக்கான வரம்பு முடிந்தது என்று அன்றைய பொறியாளர்கள் கணக்கு வைத்தார்கள். புத்தகங்களில் அச்சாகும் உயர எண்கள் பெரும்பாலும் அதைத்தான் குறிக்கின்றன. அந்த உயரத்தில் போய்ச் சண்டை போட முடியும் என்று அர்த்தமில்லை. அங்கே தொங்க முடியும், அவ்வளவுதான்.

1915இல் பி.இ.2சியின் வரம்பு பத்தாயிரம் அடி. 1917இல் வந்த சாப்வித் கேமல் அந்தப் பத்தாயிரத்தைப் பத்துப் பதினோரு நிமிடத்தில் ஏறி, பத்தொன்பதாயிரம் வரை போனது. ஜெர்மன் ஃபாக்கர் மூவிறக்கை விமானமும் இருபதாயிரத்தை ஒட்டிப் போனது. இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்குக்குள்தான் விஷயம் இருக்கிறது. பத்தாயிரம் அடி வரை ஆரோக்கியமான உடம்பு சமாளித்துக்கொள்ளும். கொஞ்சம் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், அவ்வளவுதான். பழைய விமானங்களால் மனிதனுக்கு ஆகாத உயரத்துக்குப் போகவே முடியவில்லை. எஞ்சினின் சோம்பலே விமானியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1917இல் அந்தக் காப்பு போய்விட்டது.

இருபதாயிரம் அடியில் மனிதனுக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. 1862இல் ஜேம்ஸ் கிளேஷர் என்ற விஞ்ஞானியும் ஹென்றி காக்ஸ்வெல் என்ற பலூன்காரரும் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து மேலே போனார்கள். இருபத்தொன்பதாயிரம் அடி அளவில் கிளேஷர் மயங்கிவிட்டார். காக்ஸ்வெல்லின் கைகள் விறைத்துப்போயிருந்தன. வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் பலூனை இறக்கினார். 1875இல் பிரான்ஸில் மூவர் ஜெனித் என்ற பலூனில் ஏறினார்கள். இந்த முறை ஆக்சிஜன் பைகளும் கூடப் போயின. அவை போதாது என்று பால் பெர்ட் என்ற உடலியல் அறிஞர் கடிதம் எழுதினார். கடிதம் தாமதமாக வந்தது. கொஞ்சம்தானே இருக்கிறது, அவசியப்படும்போது எடுத்துக்கொள்வோம் என்று மூவரும் சேமித்து வைத்தார்கள். அவசியம் வந்தபோது குழாயை எடுக்கக் கை எழவில்லை. சிவெல், குரோசே-ஸ்பினெல்லி இருவரும் கூடையிலேயே இறந்துபோனார்கள். பிழைத்தவர் காஸ்தோன் திசாந்தியே. அவருக்குக் காது கேட்காமல் போனது. பயமோ வலியோ தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பரவியது, மேலே போவதே இன்பமாக இருந்தது என்று அவர் பிறகு எழுதினார்.

அந்தச் சந்தோஷம்தான் இதில் பயங்கரமானது. மூச்சை அடைத்தால் உடம்பு துடிக்கும், ஏனென்றால் வெளியேற வேண்டிய கரியமிலவாயு உள்ளே தேங்குகிறது. உயரத்தில் அப்படி இல்லை. வெளிமூச்சு தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். கரியமிலவாயு தேங்காததால் எச்சரிக்கை மணி அடிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் மெல்லக் குறையும். முதலில் போவது புத்தியின் கூர்மை, அதிலும் தன் புத்தி மழுங்குகிறது என்று கண்டுகொள்ளும் திறன். குடித்தவன் தான் நிதானமாக இருப்பதாக நினைப்பானே, அதுபோல. பதினெட்டாயிரம் அடியில் ஒருவருக்கு ஒழுங்காக இயங்க இருபது முப்பது நிமிடம் இருக்கும். இருபத்தைந்தாயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். மலையேறுபவர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தங்கித் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்கிறார்கள். விமானி அரை மணியில் ஏறி, இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றி, கால் மணியில் இறங்கிவிடுவார். மறுநாள் காலையில் மறுபடியும். இதை நாள் தவறாமல் செய்தவர்கள் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத நடுக்கம் என்று மெல்லத் தேய்ந்தார்கள்.

இதோடு குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். தரையில் 15 டிகிரி என்றால் ஆறு கிலோமீட்டரில் பூஜ்யத்துக்குக் கீழே 24. விமானிக்கு மேலே கூரை கிடையாது. முன்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று முகத்தில் அறையும். மூக்கு நுனியும் கன்னமும் உறைந்து சதை செத்துப்போகும் என்று திமிங்கிலக் கொழுப்பை முகத்தில் அப்பிக்கொண்டார்கள். லேனோ ஹாக்கர் என்ற பிரிட்டிஷ் விமானி தொடை வரை வரும் ஆட்டுத்தோல் பூட்ஸை வடிவமைத்தார். சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியரின் கண்டுபிடிப்பு இன்னும் சுவையானது. ஒருநாள் எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்த அழுக்கு உடையோடே அவசரமாகப் பறக்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது மற்றவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெயும் கிரீஸும் ஊறிய துணி காற்றை உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் சிட்காட் என்ற பறப்பு உடை. பிரிட்டிஷ் விமானிகள் பல வருடம் அதையே போட்டார்கள்.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேமல் போன்ற விமானங்களின் ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்களே சுழல்விசிறியோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றியது நம் வீட்டு விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாது, சூட்டிலும் வழவழப்புக் குறையாது என்பதால் அதுதான் தோதாக இருந்தது. உள்ளே போன எண்ணெய் திரும்ப வராது. புகையோடு சேர்ந்து விமானியின் முகத்தில் தெளித்துக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் விளக்கெண்ணெய் ஆவியைச் சுவாசித்து விழுங்கினால் வயிறு என்ன பாடுபடும் என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை பெருமளவில் போனது இந்தியாவிலிருந்துதான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அதே குளிரில் இயந்திரத் துப்பாக்கியின் எண்ணெய் பசையாக இறுகி, சுடும்போது அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்கக் கையுறையைக் கழற்றினால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். மூளை மந்தமாகி, விரல் மரத்து, துப்பாக்கி இறுகிப் போன நிலையில் எதிரியைத் தேட வேண்டும்.

இந்த நிலைமையைத் தன் ஆயுதமாக்கிக்கொண்டது ஜெர்மானியரின் ரும்ப்ளர் சி.7 என்ற உளவு விமானம். 1917இன் கடைசியில் வந்தது. இரண்டு பேர் உட்காரும் நீண்ட இறக்கைகள் கொண்ட விமானம். அதன் மைபாக் எஞ்சினில் ஒரு தந்திரம் இருந்தது. கலவையை வழக்கத்தைவிட அதிகமாக அழுத்தும்படி எஞ்சினை அமைத்துவிட்டார்கள். தரைக்கருகே அடர்ந்த காற்றில் அதை முழுவதும் திறந்து ஓட்டினால் உடைந்தே போகும். அதனால் விமானி பாதி திறந்தபடியே கிளம்பி, காற்று மெலிய மெலியத் திறந்துகொண்டே போவார். மற்ற எஞ்சின்கள் மூச்சிரைக்கும் இடத்தில் இது அப்போதுதான் முழு வேகத்தில் ஓட ஆரம்பிக்கும். புகைப்படம் எடுக்கும் வகை ரும்ப்ளர் இருபத்து மூவாயிரம் அடிக்கு மேல் ஏறியது. அதில் போனவர்களுக்கு ஆக்சிஜனும் மின்சாரத்தால் சூடாகும் உடையும் கொடுக்கப்பட்டன. ஜெர்மானியர்களின் ஆக்சிஜன் கருவியில் குழாய் முனையைப் புகைக்குழாய் போலப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பல பிரிட்டிஷ் விமானிகளுக்கு அதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் டிரேயர் என்ற மருத்துவ அறிஞர் உயரத்துக்கு ஏற்பத் தானே ஆக்சிஜன் அளவை மாற்றிக்கொள்ளும் கருவியை வடிவமைத்தார் என்றாலும், ஒற்றை இருக்கைப் போர் விமானிகள் பெரும்பாலும் வெறும் மூச்சோடுதான் ஏறினார்கள்.

ரும்ப்ளரைத் துரத்திய பிரிட்டிஷ் விமானிகளில் ஜேம்ஸ் மக்கடன் தனி ரகம். பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. மெக்கானிக்காகப் படையில் தொடங்கி விமானியானவர். எஞ்சினின் மொழி தெரிந்தவர் என்பதால் தன் எஸ்.இ.5ஏ விமானத்தில் உயர் அழுத்தப் பிஸ்டன்களைத் தேடிப் பொருத்தினார். தேவையற்ற எடையைக் கழித்தார். ரும்ப்ளர் எஞ்சினில் இருந்த அதே தந்திரத்தை ஒரு பட்டறையில் தன் கையால் செய்துகொண்டார் என்று சொல்லலாம். பிறகு தனியாகக் கிளம்பி இருபதாயிரம் அடிக்கு மேல் ஏறிக் காத்திருப்பார். அங்கே சண்டை என்பது பாய்ச்சலும் சுழற்சியும் இல்லை, பொறுமை. ஒரு தவறான திருப்பத்தில் பல நூறு அடி போய்விடும், அதைத் திரும்ப ஏறுவதற்குள் எதிரி வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். ஆகவே எதிரியின் வாலுக்குக் கீழே, அவன் கண் படாத இடத்தில், மெல்ல ஊர்ந்து நெருங்குவார். 1917 டிசம்பர் 23 அன்று ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். ஆக்சிஜன் இல்லாமல் அந்த உயரத்தில் கழித்த மணிகளுக்குப் பிறகு தரைக்கு வரும்போது தலைவலியும் குமட்டலும் வரும் என்றும், உறைந்த விரல்களில் ரத்தம் திரும்ப ஓடும்போது வலி தாங்க முடியாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். மொத்தம் 57 வெற்றிகள். 1918 ஜூலை 9ஆம் தேதி ஒரு தளத்திலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் காட்டில் விழுந்து இறந்தார். எதிரி யாரும் இல்லை, உயரமும் இல்லை.

ஆகாயக் கப்பல்களின் கதை இதைவிட விபரீதம். எஸ்.எல்.11க்குப் பிறகு ஜெர்மன் கடற்படை செப்பெலின் எனப்படும் தன் ஆகாயக் கப்பல்களின் எடையைக் குறைக்கத் தொடங்கியது. ஓர் எஞ்சினை எடுத்தார்கள், துப்பாக்கிகளை எடுத்தார்கள், சட்டங்களை மெலிதாக்கினார்கள், தேடுவிளக்குக்குத் தெரியாமலிருக்க அடிப்புறத்தில் கறுப்புப் பூசினார்கள். புதிய கப்பல்கள் இருபதாயிரம் அடிக்குச் சுலபமாகப் போயின. பிரிட்டிஷ் விமானங்கள் கீழே சுற்றிக்கொண்டிருந்தன. வென்றாயிற்று என்று நினைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அழுத்தப்பட்ட ஆக்சிஜன் குப்பிகளில் வந்த எண்ணெய் வாடை குமட்டியது. எஞ்சின்களும் மூச்சு முட்டிப் பாதி வலுவை இழந்தன. 1917 ஜூனில் எல் 48 கப்பலின் திசைகாட்டியே உறைந்துபோனது. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வழி தவறி, சஃபோக் கரையோரம் தாழ இறங்கி வந்து, சுடப்பட்டு எரிந்தது.

அதே வருடம் அக்டோபர் 19 இரவு நடந்ததுதான் உச்சம். பதினொரு செப்பெலின்கள் இங்கிலாந்துக்குப் போயின. தரையில் காற்று சாதாரணம். இருபதாயிரம் அடிக்கு மேலே வடக்கிலிருந்து புயல். அந்த உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்று யாரிடமும் வழியில்லை. அவ்வளவு மேலே போனதால் தரையிலிருந்தவர்களுக்கு எஞ்சின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அமைதித் தாக்குதல் என்று அந்த இரவுக்குப் பெயரே வந்தது. கப்பல்கள் லண்டனுக்கு மேலே மட்டுமல்ல, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்ஸுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. எல் 44ஐப் பிரெஞ்சுப் பீரங்கி எரித்தது. எல் 49 கிட்டத்தட்ட முழுசாகப் பிடிபட்டது. எல் 45 பிரான்ஸிலேயே இறங்கி, மாலுமிகளே தீ வைத்தார்கள். எல் 50 தரையில் மோதி, அடியிலிருந்த கட்டுப்பாட்டறை பிய்ந்து போனது. பாரம் குறைந்த கப்பல் உள்ளே நான்கு பேரோடு மீண்டும் மேலே எழும்பி, மத்தியதரைக் கடல் பக்கம் மிதந்து போய் மறைந்தது. பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. எல் 55 தப்புவதற்காக ஏறிய உயரம் 7,600 மீட்டர். அதுவும் ஜெர்மனிக்குத் திரும்பி இறங்கும்போது நொறுங்கியது. ஒரு தோட்டா பட்டு இத்தனை கப்பல் போயிருந்தால் அதைத் தோல்வி என்பார்கள். இங்கே உயரமே பெரும்பாலானவற்றை விழுங்கிவிட்டது. அடுத்த ஆகஸ்டில் செப்பெலின் படையின் தலைவர் பீட்டர் ஸ்ட்ராஸரே எல் 70 கப்பலில் வந்தார். அதை எரித்த டி.எச்.4 விமானத்தை ஓட்டியவர் எக்பர்ட் காட்பரி. சாக்லேட் காட்பரி குடும்பம்தான்.

ஜெர்மனியின் கோதா குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் உயரம் கைகொடுத்தது. 1917 ஜூன் 13 பட்டப்பகலில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் அடியில் லண்டனுக்கு வந்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை பிரிட்டிஷ் விமானங்கள் எழும்பின. ஏறி முடிப்பதற்குள் எதிரி போய்விட்டான். ஒரு கோதாகூட விழவில்லை. கீழே 162 பேர் இறந்தார்கள். அவர்களில் பதினெட்டுப் பேர் பாப்லரில் ஒரு பள்ளியில் இருந்த குழந்தைகள். ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற அந்த அலுப்பான கணக்கின் விலை இது.

மேலே இருப்பது ஒரு ஆபத்து என்றால், அங்கிருந்து அவசரமாக இறங்குவது இன்னொன்று. செங்குத்தாகப் பாய்ந்தால் இறக்கை தாங்குமா என்று யாருக்கும் உறுதியில்லை. ஆல்பட்ராஸ் டி.3யின் கீழ் இறக்கை பாய்ச்சலில் முறுகி உடைந்தது. நியூபோர் 28இல் மேல் இறக்கையின் துணி உரிந்து பறந்தது. ஃபாக்கர் மூவிறக்கையின் மேல் இறக்கை 1917 அக்டோபரில் நொறுங்கியதில் கோண்டர்மான் என்ற புகழ்பெற்ற விமானி இறந்தார். ஈரம் புகுந்த மோசமான தச்சு வேலைதான் காரணம். காது வேறு இருக்கிறது. வேகமாக இறங்கும்போது செவிப்பறைக்கு உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகாமல், சளி பிடித்திருந்தவர்களுக்குச் செவிப்பறை கிழிந்தே போகும்.

இவ்வளவுக்கும் பாராசூட் இல்லை. கட்டிவைத்த பலூனில் தொங்கிக்கொண்டு வேவு பார்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள்; விமானிகளுக்கு இல்லை. எடை அதிகம், குறுகிய இருக்கையில் இடமில்லை என்பது வெளியே சொன்ன காரணம். கையில் பாராசூட் இருந்தால் விமானத்தைச் சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள் என்ற சந்தேகமும் மேலிடத்தில் இருந்தது. சண்டைக்கு அனுப்பிய ஆளின் துணிச்சலைச் சந்தேகித்துக்கொண்டே அனுப்புவது ஒரு தனி வகைக் கொடுமை. ஜெர்மானியர்கள் 1918இல் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஜூன் 29 அன்று எர்ன்ஸ்ட் உடெட் குதித்தபோது அவரது வார் விமானத்தின் வாலில் மாட்டிக்கொண்டது. உடைத்துக்கொண்டு விடுபட்டு, தரைக்குக் கொஞ்சம் மேலேதான் பாராசூட் விரிந்தது. பிழைத்தார். மறுபக்கத்தில் மிக் மேனக் என்ற பிரிட்டிஷ் விமானி, விமானம் பற்றிக்கொண்டால் எரிந்து சாகாமல் தன்னையே சுட்டுக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் எஸ்.இ.5ஏ ஓட்டி 1918 ஜூலையில் சில நாட்களுக்குள் பத்து வெற்றி பெற்று, ஜூலை 22ஆம் தேதி பிரான்ஸின் மேலே சண்டையில் இறந்தார். வயது 19. நான்கு நாள் கழித்து மேனக்கின் விமானம் தீப்பற்றி விழுந்தது.

போர் முடிந்த பிறகும் பந்தயம் நிற்கவில்லை. எஞ்சினுக்கு மூச்சு கொடுக்க ஒரு வழி கிடைத்திருந்தது: அதன் சொந்தப் புகையால் சுழலும் ஒரு விசிறியை வைத்து மெல்லிய காற்றை இறுக்கி உள்ளே தள்ளுவது. டர்போ-சூப்பர்சார்ஜர். 1920 பிப்ரவரி 27ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானி ருடால்ஃப் ஷ்ரோடர் ஒஹையோவில் இருந்த மக்குக் ஃபீல்டிலிருந்து அப்படி ஒரு விமானத்தில் 33,000 அடிக்கு மேல் ஏறினார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் அப்பால். எஞ்சின் நன்றாகவே ஓடியது. ஆக்சிஜன் தடைப்பட்டது. கண்காப்புக் கண்ணாடியில் படிந்த பனியால் ஒன்றும் தெரியாமல் அதை உயர்த்தினார். கண்ணில் இருந்த ஈரம் உறைந்துவிட்டது. அப்படியே மயங்கினார். விமானம் ஐந்து மைலுக்கு மேல் தலைகுப்புற விழுந்து, தரைக்குச் சில ஆயிரம் அடி மேலே அவருக்கு நினைவு திரும்பி, பாதிப் பார்வையோடு இறக்கிவிட்டார். அடர்ந்த காற்றுக்குள் அவ்வளவு வேகமாக விழுந்ததில் பெட்ரோல் தொட்டிகள் வெளியழுத்தத்தால் நசுங்கியிருந்தன.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1933 ஏப்ரல் 3 அன்று, பீகாரின் பூர்ணியாவிலிருந்து இரண்டு வெஸ்ட்லேண்ட் விமானங்கள் எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறக்கக் கிளம்பின. ராணுவத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட வகைகள். சூப்பர்சார்ஜர் உண்டு, மின்சார உடை உண்டு, ஆக்சிஜன் உண்டு. 1917இல் இல்லாத எல்லாமே உண்டு. சிகரத்தை நெருங்கும்போது கீழ்நோக்கி வீசிய காற்று விமானங்களை ஆயிரத்தைந்நூறு அடிக்கு மேல் அமுக்கிவிட்டது. தத்தளித்து ஏறித் தாண்டினார்கள். இரண்டாவது விமானத்தின் பின்னிருக்கையில் சினிமாக் கேமராவோடு இருந்தவர் பானெட். கேமராவைத் திருப்பும் அவசரத்தில் தன் ஆக்சிஜன் குழாயையே மிதித்துவிட்டார். குழாய் விரிசல் விட்டது. தலை சுற்றி வயிறு பிசைய, ஏதோ சரியில்லை என்று அவருக்கு உறைத்தது. தரையில் சரிந்து, விரிசலைத் தேடிக் கண்டுபிடித்து, பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்ததும் மயங்கிவிட்டார். முன்னிருக்கையில் இருந்த மெக்கின்டயர் திரும்பிப் பார்த்து ஆள் போய்விட்டார் என்றே நினைத்தார். விமானம் வெகுவாக இறங்கிய பிறகுதான் பின்னாலிருந்து பானெட் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.